இரண்டு முச்சக்கர வண்டிகளின் இடம்: சாரதிக்குத் தெரியும் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறோம்?

கொழும்பு 13, கொச்சிக்கடை. நீர்கொழும்புக்கு அருகிலும் இதே பெயரில் ஓர் ஊர் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சொல்வது துறைமுகத்தின் பக்கத்தில் புனித அந்தோனியார் திருத்தலமும் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் இருக்கும் கொச்சிக்கடையை. நான் பிறந்து வளர்ந்த இடம் அது. வீதி வடிவமைப்புக்கான வரைபடங்களைக் கணினியில் தயாரிப்பது என் தொழில்.

சென்ற வருடம் ஒரு பாடசாலை நாள், பகல் ஒன்றரை மணி தாண்டிய நேரம். ஜம்பட்டா வீதியை அண்டிய ஒரு தெருவில், அக்காவின் ஆறு வயது மகள் பாதசாரிக் கடவையில் கால் வைத்தாள். கடவையின் விளிம்பு வரை முச்சக்கர வண்டிகள் வரிசையாக நின்றன. வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள்காரர் பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சரிந்து விழுந்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

கூடியவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து கத்தினார்கள். வேகமாக வந்தான் என்றார்கள் சிலர். பிள்ளையைக் கையில் பிடிக்கவில்லை என்று அக்காவைக் குறை சொன்னார்கள் சிலர். அந்த மனிதர் எழுந்து நின்று, "புள்ள வந்தது தெரியவே இல்லக்கா" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அதே கிழமைதான் வேறொரு வீதிக்காக நான் பார்வைத் தூர அறிக்கை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்திருந்தேன். அதில் ஓர் இடத்தில்கூடச் சிவப்புக் குறி விழவில்லை. எல்லாம் சரி என்றது மென்பொருள். அந்த வீதியிலும் ஓரங்களில் வண்டிகள் நிற்கும் என்பது அறிக்கையைக் கொடுக்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்பதை இங்கே எழுதுகிறேன். வீதி போடுகிறவர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று இதை ஒதுக்க முடியாது. உங்கள் தெருவில் உள்ள கடவைக்கும் இதே கணக்குத்தான்.

நிறுத்தத் தேவையான தூரம்

வீதியில் ஓர் இடையூறைக் கண்ட சாரதி, அதில் மோதாமல் வண்டியை நிறுத்துவதற்கு எவ்வளவு தூரம் வேண்டுமோ, அவ்வளவு தூரமாவது அவருக்கு முன்னால் தெரிய வேண்டும். இதுவே நிறுத்தற் பார்வைத் தூரம். முந்திச் செல்வதற்கான பார்வைத் தூரம், சந்திகளுக்கான பார்வைத் தூரம் என்று வேறு வகைகளும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

இதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதலாவது, கண் கண்டு, மூளை புரிந்து, கால் பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி வந்த வேகத்திலேயே ஓடும் தூரம். அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் கையேடு இதற்கு 2.5 செக்கன் கொடுக்கிறது. இந்திய வீதிக் காங்கிரஸின் விதிகளும் 2.5 செக்கன் என்றே சொல்கின்றன. இரண்டாவது, பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும் வரை ஓடும் தூரம். அமெரிக்கக் கையேட்டின்படி, ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 3.4 மீற்றர் வீதம் குறையும் என்று எடுத்துக்கொள்கிறோம். நனைந்த வீதியிலும் சாதாரணச் சாரதி ஒருவரால் வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்தபடி இவ்வளவு குறைக்க முடியும் என்பது அதன் கருத்து.

கணக்கைப் போட்டால், சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டிக்குச் சுமார் 31 மீற்றர் வேண்டும். 40 கிலோமீற்றருக்கு 46 மீற்றர். 50 கிலோமீற்றருக்கு 63 மீற்றர். 70 கிலோமீற்றருக்கு 104 மீற்றர். அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவருக்கு 183 மீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மொத்தத் தூரம் இவ்வளவு வேகமாக ஏறுவது அதனால்தான்.

நம் நாட்டில் நகர்ப்புற வீதிகளில் பொதுவான வேக எல்லை 50 கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 40. அதாவது சட்டத்தை மீறாமல் வருகிற ஒரு காரின் சாரதிக்கே 63 மீற்றர் முன்னால் தெரிய வேண்டும். கொச்சிக்கடையில் எத்தனை இடங்களில் 63 மீற்றர் மறைப்பில்லாமல் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்ணின் உயரமும் இலக்கின் உயரமும்

எவ்வளவு தூரம் தேவை என்பது பாதிக் கணக்கு. எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது மறு பாதி. இதற்கு இரண்டு புள்ளிகள் வேண்டும்: சாரதியின் கண், அவர் பார்க்க வேண்டிய பொருள்.

கண்ணின் உயரம் நிலையானது போலத் தோன்றும். ஆனால் அது காலத்தோடு மாறிவந்திருக்கிறது. 1940இல் அமெரிக்காவில் பார்வைத் தூரத்துக்கு விதி எழுதியபோது கண் தரையிலிருந்து 1.37 மீற்றர் உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். கார்கள் தாழத் தாழ அந்த எண்ணும் இறங்கியது. இன்று அது 1.08 மீற்றர். இந்தியா 1.2 மீற்றரும் அவுஸ்திரேலியா 1.1 மீற்றரும் எடுக்கின்றன. லொறிச் சாரதிக்கு அவுஸ்திரேலியா 2.4 மீற்றர் கொடுக்கிறது.

பார்க்கப்படும் பொருளின் உயரமும் அப்படித்தான். அமெரிக்கர்கள் முன்பு 15 சென்ரிமீற்றர் உயரமான பொருளை வைத்துக் கணக்கிட்டார்கள். இப்போது 60 சென்ரிமீற்றர். முன்னால் போகும் காரின் பின்விளக்கு ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கும். இந்தியா இன்னமும் 15 சென்ரிமீற்றரில் நிற்கிறது. இலங்கையில் வீதி அபிவிருத்தி அதிகார சபை 1998இல் வெளியிட்ட வீதி வடிவமைப்பு நியமங்கள் இருக்கின்றன. ஆனால் மென்பொருள்கள் பெரும்பாலும் வெளிநாட்டு எண்களை இயல்பிருப்பாக வைத்துக்கொண்டே திறக்கும். அவற்றை மாற்றாமல் 'சரி' பொத்தானை அழுத்துகிறவர்கள் குறைவில்லை. நானும் அழுத்தியிருக்கிறேன்.

ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 1.1 மீற்றர். கார் ஓட்டுகிறவரின் கண் இருக்கும் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. ஓரத்தில் ஒரு கார் நின்றால், அதன் பின்னால் நிற்கும் பெரியவரின் தலை கூரைக்கு மேலாகத் தெரியும். பிள்ளை தெரியாது. பிள்ளைக்கும் வீதி தெரியாது. முச்சக்கர வண்டியோ லொறியோ நின்றால் பெரியவரும் மறைந்துவிடுவார்.

மென்பொருள் எப்படிப் பார்க்கிறது?

நம் துறையில் பரவலாகப் பாவிக்கப்படுவது ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் சிவில் த்ரீடி. பென்ட்லியின் ஓப்பன்ரோட்ஸ், அவுஸ்திரேலியாவின் ட்வெல்வ்-டி போன்றவையும் உண்டு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

முதலில் வீதியின் மையக் கோட்டையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் கொடுக்கிறோம். நில அளவையில் கிடைத்த புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து ஒரு மேற்பரப்பு உருவாகும். பிறகு மென்பொருள் சில கேள்விகள் கேட்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை? எத்தனை மீற்றருக்கு ஒருமுறை? கண் எவ்வளவு உயரம், மையக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி? இலக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு விலகி? குறைந்தபட்சத் தூரம் எவ்வளவு? எந்த மேற்பரப்புகளோடு ஒப்பிட வேண்டும்?

பதில்களைக் கொடுத்தால், அது வீதி நெடுக நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் கண்ணிலிருந்து இலக்குக்கு ஒரு நேர்கோடு இழுக்கும். கோடு எங்காவது மேற்பரப்பை வெட்டினால் அங்கே பார்வை மறைக்கப்படுகிறது என்று பொருள். அந்த இடத்தைப் படத்தில் நிறமிட்டுக் காட்டி, அட்டவணையாக அறிக்கையும் தரும். ஒரு நாள் முழுக்கக் கையால் செய்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை போன்ற ஒரு வீதிக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். அங்கே ஓரத்தில் யாரும் வண்டி நிறுத்துவதில்லை. பிள்ளைகள் கடப்பதில்லை. மறைப்பவை பெரும்பாலும் மண்மேடும் பாலமும் காவல் வேலியும்தான்.

நகரத்துத் தெருவில் அதே கணக்கு மூன்று இடங்களில் தவறும்.

முதலாவது, இலக்கின் விலகல். பெரும்பாலானோர் கண்ணையும் இலக்கையும் ஒரே தடத்தின் நடுவில் வைப்பார்கள். அப்போது மென்பொருள் தேடுவது முன்னால் நிற்கும் இன்னொரு காரை. நடைபாதை விளிம்பில் நிற்கும் பிள்ளையைத் தேடச் சொல்லி அதற்கு யாரும் சொல்லவில்லை. என் அறிக்கையில் நடந்த பிழை இதுதான். 60 சென்ரிமீற்றர் என்ற உயரத்தால் பிள்ளைக்குப் பாதகம் இல்லை. அதைவிட உயரமான பிள்ளை மேட்டுக்கு அப்பால் இன்னும் சுலபமாகத் தெரிவாள். ஆனால் நான் இலக்கை வைத்தது பிள்ளைகள் நிற்காத இடத்தில்.

இரண்டாவது, நாம் கொடுக்காத எதையும் அது பார்க்காது. அளவையாளர் அதிகாலையில் தெரு வெறுமையாக இருக்கும்போது அளப்பார். அந்த மேற்பரப்பில் முச்சக்கர வண்டி இல்லை, பழக்கடை இல்லை, பொருள் இறக்கும் லொறி இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோவிலுக்கு வரும் கூட்டம் இல்லை. மென்பொருள் வெறும் தெருவைப் பார்த்துவிட்டுச் சரி என்கிறது.

மூன்றாவது, முக்கோண மேற்பரப்பில் ஓர் இடத்துக்கு ஒரே ஒரு உயரம்தான் இருக்க முடியும். செங்குத்தான மதிலை அப்படியே வரைய முடியாது. மேல் விளிம்பைச் சில மில்லிமீற்றர் உள்ளே தள்ளி, சற்றே சாய்ந்த சுவராகக் கொடுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பதாகையைக் கொடுத்தால் அது தரை வரை இறங்கிய சுவராகிவிடும். மரக் கிளைக்கும் இதே கதி. எனவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வளைவும் சந்தியும்

மதில்கள் எப்படி வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 100 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவு. உள்பக்கத் தடத்தின் நடுவிலிருந்து மதில் 2.5 மீற்றர் தள்ளி இருக்கிறது. அப்போது சாரதிக்குத் தெரிவது சுமார் 45 மீற்றர். 40 கிலோமீற்றர் வேகத்துக்கு 46 வேண்டும் என்று பார்த்தோம். ஆகவே அந்த வளைவு 40க்கு மயிரிழையில் போதாமல் போகிறது. 50 கிலோமீற்றர் வேகத்தில் வர வேண்டுமானால் மதில் 5 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். கொழும்பில் அதற்கு யாருடைய முன்வாசலையாவது இடிக்க வேண்டிவரும். வீதியை அகலமாக்க முடியாத இடத்தில் வேகத்தைக் குறைப்பது மட்டுமே மிச்சமிருக்கும் வழி.

வெள்ளவத்தையில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். காலி வீதிக்கும் கடலோர மரைன் டிரைவுக்கும் இடையில் எத்தனையோ ஒழுங்கைகள். ஒழுங்கையின் வாயில் நிற்கும் சாரதிக்கு இரண்டு பக்கமும் தெரிய ஒரு முக்கோண வெளி வேண்டும். பிரித்தானியக் கையேடுகள் அவருடைய கண்ணைப் பிரதான வீதியின் விளிம்பிலிருந்து 2.4 மீற்றர் பின்னால் வைக்கின்றன. காரின் முன்நுனிக்கும் ஓட்டுபவரின் கண்ணுக்கும் இடையே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் இருக்கும். மூலை வரை மதிலோ நிறுத்திய வானோ இருந்தால், அவர் காரின் மூக்கை வீதிக்குள் நீட்டிய பிறகுதான் பார்க்க முடியும். வெள்ளவத்தையில் கார் ஓட்டிய எல்லோரும் அப்படி நீட்டியிருப்பார்கள். மூலைக் காணிகளில் மதிலின் முனையைச் சரிவாக வெட்டிவிடச் சொல்வது இந்த முக்கோணத்துக்காகத்தான். பலர் அதைக் காணியில் ஒரு துண்டு போனதாகவே நினைக்கிறார்கள்.

திரும்பவும் அந்தக் கடவை

விபத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அளவு நாடாவோடு அந்தக் கடவைக்குப் போனேன். அளந்ததை வீட்டில் மென்பொருளில் வரைந்தேன். இம்முறை முச்சக்கர வண்டிகளையும் பெட்டிகளாக வரைந்து மேற்பரப்பில் சேர்த்தேன். இலக்கை நடைபாதை விளிம்பில் வைத்தேன். படம் முழுவதும் சிவப்பானது.

உண்மையில் இதற்கு மென்பொருளே தேவையில்லை. ஒரு காகிதம் போதும். நிறுத்திய வண்டிகளின் வெளி ஓரத்தை ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அந்தக் கோட்டுக்கு உள்ளே, நடைபாதை விளிம்பில், சுமார் 1.5 மீற்றர் தள்ளி நிற்கிறாள். சாரதியின் கண் கோட்டுக்கு வெளியே, ஏறத்தாழ அதே 1.5 மீற்றரில் வருகிறது. இரண்டு விலகலும் சமமாக இருப்பதால் கணக்கு மிகச் சுலபம்: பிள்ளைக்கும் கடைசி வண்டிக்கும் இடையில் எத்தனை மீற்றர் வெறுமையோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில்தான் சாரதிக்குப் பிள்ளை தெரிவாள்.

அன்று பிள்ளைக்கும் வண்டிக்கும் இடையில் 2 மீற்றர். ஆகவே அவள் தெரியத் தொடங்கியது 4 மீற்றரில். 30 கிலோமீற்றர் வேகத்தில் 4 மீற்றரைக் கடக்க அரைச் செக்கன்கூட ஆகாது. அந்த மனிதர் விழுந்ததுதான் பிள்ளையைக் காப்பாற்றியது.

இடைவெளி 10 மீற்றரானால் 20 மீற்றர் தெரியும். 30 கிலோமீற்றருக்கான 31 மீற்றரும் கிடைக்க வேண்டுமானால் 15.5 மீற்றர் வெறுமை வேண்டும். 40 கிலோமீற்றருக்கு 23 மீற்றர். இங்கே எந்தக் கையேட்டை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பிரித்தானியாவில் 2007இல் வந்த குடியிருப்புத் தெருக்களுக்கான கையேடு, நகரத் தெருவில் சாரதி விழிப்பாக இருப்பார் என்று 1.5 செக்கன் மட்டும் கொடுத்து, பிரேக்கும் பலமாகப் பிடிப்பார் என்று எடுக்கிறது. அதன்படி 30 கிலோமீற்றருக்கு 20 மீற்றர் போதும், 20 கிலோமீற்றருக்கு 12 மீற்றர். தேய்ந்த டயரும் மழையில் நனைந்த தாரும் உள்ள ஊரில் பெரிய எண்ணையே நான் எடுப்பேன். ஆனால் சிறிய எண்ணைக்கூட எங்கள் கடவை எட்டவில்லை.

மற்ற ஊர்கள் செய்தது

பிரித்தானியாவில் கடவைக்கு இரு புறமும் நெளிநெளியாக வெள்ளைக் கோடுகள் போடுவார்கள். அவை 1971இல் வந்தவை. அந்தக் கோடுகள் உள்ள இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் கடவையை அணுகும் பக்கத்தில் 20 அடிக்குள், அதாவது சுமார் 6 மீற்றருக்குள், வண்டி நிறுத்தினால் தண்டம். நியூ ஜேர்சியிலுள்ள ஹோபோக்கன் நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், சந்தி மூலைகளில் வண்டி நிறுத்த முடியாதபடி சிறு தூண்களையும் சைக்கிள் தரிப்பிடங்களையும் செடிப் பாத்திகளையும் வைத்தது. வேக எல்லையையும் குறைத்தது. 2017 ஜனவரிக்குப் பிறகு பல வருடங்கள் அந்த நகரத்தின் வீதிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. அதற்கு ஒரே காரணம் மூலைகள் வெறுமையானது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் செய்ததில் பெரும் பகுதி அதுதான்.

உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இலங்கையில் வருடத்துக்குச் சராசரியாக 38,000 வீதி விபத்துகள் நடப்பதாகவும் சுமார் 3,000 பேர் இறப்பதாகவும் சொன்னது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாம் சாரதியையோ நடந்தவரையோ தேடிப் பிடித்துக் குற்றம் சொல்கிறோம். ஒருவருக்கு மற்றவர் எத்தனை மீற்றரில் தெரிந்தார் என்று யாரும் நாடா வைத்து அளப்பதில்லை.

"வண்டிய எங்க போடச் சொல்றீங்க?"

கணக்கை எடுத்துக்கொண்டு முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துக்குப் போனேன். வயதில் மூத்த ஒரு அண்ணன் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "தம்பி, நீங்க சொல்றது சரி. எனக்கும் பேரப் புள்ளைங்க இருக்கு. ஆனா வண்டிய எங்க போடச் சொல்றீங்க? கடவைக்குப் பக்கத்துல நின்னாத்தான் சனம் ஏறும்" என்றார்.

அவர் கேட்டது நியாயம். ஒரு முச்சக்கர வண்டி சுமார் 2.6 மீற்றர் நீளம். 10 மீற்றரை வெறுமையாக்கினால் நான்கு வண்டிகளின் இடம் போகும். நான்கு குடும்பங்களின் வருமானத்தில் கை வைப்பது அது. நவநாளுக்கு வருபவர்களும் கடைக்காரர்களும் இதே இடத்துக்காகத்தான் போட்டியிடுகிறார்கள். வரைபடத்தில் ஒரு பெட்டியை அழிக்க எனக்கு ஒரு விசை போதும். தெருவில் அது அப்படி நடக்காது.

இடத்தைக் குறைவாக எடுக்கும் வழி ஒன்று உண்டு. கடவை இருக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையை வண்டிகளின் வெளிக் கோடு வரை நீட்டிவிடுவது. அப்போது பிள்ளை காத்து நிற்கும் இடமே அந்தக் கோட்டில் இருக்கும். வண்டிகள் அவளை மறைக்க முடியாது. இழப்பது ஒன்றிரண்டு வண்டிகளின் இடம் மட்டுமே. கடக்க வேண்டிய அகலமும் குறையும். ஆனால் ஓரமாக ஓடும் மழைநீருக்கு வழி விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கடை வாசல்களில் தண்ணீர் நிற்கும். நீட்டிய இடத்தில் பெயர்ப்பலகையோ விளம்பரமோ நட்டால் செய்த வேலை வீணாகும். கடவையைச் சற்று உயர்த்தி மேடாக அமைத்தால் வேகமும் தானாக இறங்கும்.

இவற்றைச் செய்ய வேண்டியவர்களிடம் படத்தோடு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரும் வரை தெரு காத்திருக்காது. அதனால் அண்ணனிடமே திரும்பப் போய், நான்கு வேண்டாம், எத்தனை முடியும் என்று கேட்டேன். ஒரு வண்டி விலகினால் 4 மீற்றர் 9 ஆகும். 20 கிலோமீற்றர் வேகத்தில் கவனமாக வருகிறவருக்கே 12 வேண்டும், ஆகவே போதாது. இரண்டு வண்டிகள் விலகினால் 14 மீற்றர். மெதுவாக வருகிறவருக்காவது அது போதும். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவர் மற்றவர்களோடு பேசினார்.

இப்போது பாடசாலை நாட்களில் காலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரையும் பகல் ஒன்றரையிலிருந்து இரண்டு வரையும் கடவைக்கு முந்திய இரண்டு இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. எல்லா நாளும் இல்லை. வெளியாட்கள் வந்து கார் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்போது அண்ணன்மாரே இறங்கிப் போய்ச் சொல்கிறார்கள்.

உங்கள் தெருவில் பார்ப்பதற்கு

கடவையின் ஓரத்தில் பிள்ளை நிற்கும் இடத்தில் குந்தி, உங்கள் கண்ணை 1.1 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் நிற்கும்போது இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரம் அது. வண்டிகள் வரும் பக்கம் பாருங்கள். வருகிற சாரதியின் முகம் எந்த இடத்தில் முதலில் தெரிகிறதோ, அங்கேதான் அவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். அந்த இடம் வரை காலடியால் எண்ணுங்கள். பெரியவரின் ஓர் அடிவைப்பு ஏறத்தாழ முக்கால் மீற்றர். 20 கிலோமீற்றர் வேகத்துக்குக் குறைந்தது 16 அடிவைப்புகள் வேண்டும். 30க்கு 27, கவனமான சாரதி என்று பெருந்தன்மையோடு வைத்துக்கொண்டால். 2.5 செக்கன் கொடுத்தால் 41.

பாடசாலை விடும் நேரத்திலும் சந்தை நாளிலும் போய் எண்ணுங்கள். அதிகாலையில் வெறும் தெருவில் எண்ணினால் என் அறிக்கையைப் போலவே எல்லாம் சரியாக இருக்கும்.